சைலன்சரை வெட்டினால்

ஒரு காரின் சத்தத்தைக் கூட்டுவதற்குப் புதிதாக எதையும் பூட்ட வேண்டியதில்லை. பூட்டியிருப்பதில் ஒன்றைக் கழற்றினாலே போதும். எந்தப் பெற்றோல் எஞ்சினும் பிறவியிலேயே பெருங்குரல் கொண்டது. ஓடும்போது வெளியே கேட்பது அந்தக் குரலின் மிகச் சிறிய பங்குதான். மீதியை வாகனத்தின் அடியில் தொங்கும் ஒரு தகரப் பெட்டி விழுங்கிவிடுகிறது. பதுளையிலோ பண்டாரவளையிலோ கராஜுக்குப் போய்ச் சைலன்சரை வெட்டித் தரச் சொல்பவர், அந்த விழுங்கும் வேலையைத்தான் நிறுத்தச் சொல்கிறார்.

சத்தம் பிறக்கும் இடம் வெளியேற்று வால்வு. பெற்றோலும் வளியும் சேர்ந்த கலவை சிலிண்டருக்குள் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் அடிக்கு வந்து சேரச் சற்று முன்பே வால்வு திறந்துகொள்ளும். அந்தக் கணத்தில் உள்ளே அடைபட்டிருக்கும் வாயுவின் அமுக்கம் வெளி வளியின் அமுக்கத்தைப் போலப் பல மடங்கு. சோடாப் போத்தலின் மூடியை நெம்பும்போது எழும் 'டப்' எப்படியோ அப்படித்தான் இதுவும். சோடா குளிர்ந்தது, ஒரு தடவையோடு அடங்கிவிடும். இதுவோ பல நூறு பாகை வெப்பத்தில், ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது.

எத்தனை தடவை என்பதை எளிதாகக் கணக்கிடலாம். நான்கடிப்பு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் த்ரீவீலர் செக்கனுக்கு 25 வெடிப்புகளைக் குழாய்க்குள் அனுப்புகிறது. மூன்று சிலிண்டர் கொண்ட அல்டோ அதே வேகத்தில் 75, நான்கு சிலிண்டர் கொண்ட லான்சர் 100. இதுதான் அந்தந்த வாகனத்தின் அடிச் சுருதி. அடிச் சுருதி மட்டும் கேட்டால் அது வெறும் உறுமல். அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, பத்து மடங்கு மீடிறன்களும் கூடவே பிறக்கின்றன. காமன் கூத்தில் தப்படிக்கும்போது தடித்த குச்சி தரும் 'தும்' ஒரு வகை, மெல்லிய குச்சி தரும் 'சுளீர்' வேறொரு வகை. ஒரே தோலில் பிறந்தாலும் மேல் மீடிறன்களின் பங்கு மாறும்போது ஓசையின் குணம் மாறிவிடுகிறது. நல்ல சைலன்சர் முதலில் அடக்குவது அந்தச் சுளீரைத்தான். வெட்டிய சைலன்சரின் சத்தம் காதில் கீறுவதற்குக் காரணமும் அதுவே.

அடக்கும் கருவி காரோடு கூடவே வந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மெக்சிமின் மகன் ஹைரம் பேர்சி மெக்சிம், 1909இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கிச் சைலன்சரின் தத்துவத்தை மோட்டார் வாகனத்துக்கும் கொண்டுவந்தார். அமெரிக்கர்கள் இதை மஃப்ளர் என்கிறார்கள். வெலிமடைக் குளிரில் தலையையும் காதையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும் அதே மஃப்ளர்தான். இலங்கையில் நிலைத்தது பிரித்தானியரின் சொல்லான சைலன்சர்.

கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வேலைப்பாடு வியக்க வைக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர் ஒரு குழாய் உள்ளே போய் மறுபுறம் வருவதாகத்தான் நினைப்பார். உண்மையில் உள்ளே தடுப்புத் தகடுகளால் பிரிக்கப்பட்ட மூன்று நான்கு அறைகள் இருக்கும். வரும் குழாய் கடைசி அறைவரை போய் நின்றுவிடும். வாயு அங்கே திரும்பி, இன்னொரு குழாயால் முதல் அறைக்கு வந்து, மறுபடி திரும்பித்தான் வெளியேறும். குழாய்களின் உடலெங்கும் இட்லித் தட்டுப் போலச் சிறு துளைகள். ஒடுங்கிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் பாயும் ஒலியலையின் ஒரு பகுதி வந்த வழியே தெறித்துப்போகிறது. தெறித்த அலையின் நெருக்கல், பின்னால் வரும் அலையின் ஐதாக்கலோடு மோதும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எந்த அறை எவ்வளவு நீளம் என்பதைப் பொறியியலாளர்கள் அந்தக் குறிப்பிட்ட எஞ்சினுக்கென்றே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள்.

சில சைலன்சர்களில் ஓர் அறைக்கு ஒரே ஒரு கழுத்து மட்டும் இருக்கும். வாயு அதற்குள் போய் வெளியேற வழியில்லை. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதியில் ஒலிக்கும் அல்லவா? அதே பரிவைத் தலைகீழாகப் பயன்படுத்தி, தொல்லை தரும் அந்த ஒரு சுருதியை மட்டும் உறிஞ்சிவிடும் அறை அது. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் அதை அழைக்கிறார்கள். இன்னொரு வகையில் துளையிட்ட நேர்க் குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருப்பார்கள். ஒலியின் சக்தி பஞ்சுக்குள் நுழைந்து உராய்வால் வெப்பமாகிவிடும். பஞ்சு உயர் மீடிறன்களை நன்றாக விழுங்கும், தாழ்ந்த உறுமலை அவ்வளவாகத் தொடாது.

இவை எல்லாம் சேர்ந்து எஞ்சினின் சத்தத்தை 20 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கின்றன. கேட்கச் சிறிய எண்ணாகத் தெரியும். டெசிபெல் மடக்கை அளவு என்பதால் 20 டெசிபெல் குறைவு என்பது ஒலிச் சக்தி நூறில் ஒன்றாவது, 30 குறைவு என்பது ஆயிரத்தில் ஒன்றாவது.

சத்தத்தைக் கூட்ட விரும்புபவர்கள் இந்த அமைப்பில் பல இடங்களில் கைவைக்கிறார்கள். மிகவும் மலிவான வழி, பெட்டியை ஒரு பக்கம் திறந்து உள்ளேயுள்ள தடுப்புகளையும் குழாய்களையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஒட்டவைப்பது. பார்வைக்குச் சைலன்சர் இருக்கும், உள்ளே வெறும் டின். அந்த வெறும் டின் தன் பங்குக்குத் தானும் அதிரும் என்பதால் இதன் ஓசை மிகவும் அருவருப்பானது. சற்றுக் கூடச் செலவழிப்பவர்கள் பெட்டியையே எடுத்துவிட்டுப் பஞ்சு அடைத்த நேர்க் குழாய்ச் சைலன்சரைப் போடுகிறார்கள். பின்பம்பருக்குக் கீழே அகன்ற வாயோடு பளபளப்பது இதுதான். மூன்றாவது வழி, எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்து வாய்வரை ஒரே குழாய். அதற்குக் குறுக்கே நிற்கும் ஊக்கிப் பெட்டியையும் வெட்டி எறிய வேண்டிவரும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற அந்தப் பெட்டி காபனோரொட்சைட்டையும் எரியாத பெற்றோலையும் நைதரசன் ஒட்சைட்டுகளையும் மாற்றி அனுப்புவது. அதன் நுண்துளைகள் ஒலியையும் சேர்த்தே மட்டுப்படுத்துகின்றன. அதை எடுத்தால் சத்தமும் புகையும் ஒன்றாகவே கூடும். நவீன காரில் அதற்கு முன்னும் பின்னும் ஒக்சிசன் சென்சர்கள் இருப்பதால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் வாகனம் சிக்கிக்கொள்ளும்.

இவ்வளவையும் செய்பவர் பெரும்பாலும் சொல்லும் காரணம் சத்தமல்ல, 'பவர்'. சைலன்சர் எஞ்சினின் மூச்சை அடைக்கிறது, அதை எடுத்தால் எஞ்சின் தாராளமாக மூச்சுவிடும் என்ற நம்பிக்கை எல்லாக் கராஜிலும் உண்டு. அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. வளைந்து வளைந்து போகும் வாயு கொஞ்சம் பின்னமுக்கத்தை உண்டாக்கும். ஆனால் சாதாரணக் கார் ஒன்றில் அதனால் இழக்கும் வலு சில சதவீதத்துக்குள் அடங்கிவிடும், அதுவும் எக்ஸலேட்டரைத் தரைவரை மிதித்து உச்ச வேகத்தில் ஓட்டும்போது மட்டுந்தான். ஹாலிஎலவிலிருந்து பண்டாரவளைக்கு ஏறும் பாதையில் அந்த நிலை சில செக்கன்களுக்குமேல் நீடிக்காது.

உண்மையான வலு இன்னோரிடத்தில் ஒளிந்திருக்கிறது. வால்வு திறந்ததும் புறப்படும் அமுக்க அலை குழாய்கள் சந்திக்கும் இடத்தை அடைந்ததும், ஐதாக்கலாக மாறித் திரும்பி வரும். அது சரியான நேரத்தில் வால்வை வந்தடைந்தால் மீதமுள்ள எரிந்த வாயுவை வெளியே உறிஞ்சிவிடும். சூடான வெளியேற்று வாயுவில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர் ஓடும். குழாயின் நீளம் 80 சென்ரிமீற்றர் என்றால் போய் வர 3.2 மில்லிசெக்கன். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு ஒரு சுற்றுக்கே 10 மில்லிசெக்கன்தான் என்பதால், அலை திரும்பும்போது எஞ்சின் 115 பாகை திரும்பியிருக்கும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பந்தயக் கார்களுக்குக் குழாய் வளைக்கிறார்கள். கணக்கில்லாமல் வாளெடுத்து வெட்டினால் திரும்பும் அலை தவறான நேரத்தில் வந்து, தாழ்ந்த வேகத்தில் இழுவையைக் குறைத்துவிடும். மலையேற வேண்டியது அந்தத் தாழ்ந்த வேக இழுவையால்தான்.

ஈரடிப்பு எஞ்சினில் நட்டம் இன்னும் வெளிப்படையானது. அங்கே வெளியேற்றுக் குழாயின் வடிவம் எஞ்சினின் ஓர் உறுப்பு. புதிதாக உள்ளே வந்த கலவை பாழாக வெளியே ஓடிவிடாமல், திரும்பி வரும் அலை அதைத் தள்ளி உள்ளே அடைத்துவைக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்ட்டர் காடன் என்ற பொறியியலாளர் 1950களில் இதை ஒரு கலையாகவே வளர்த்தார். ஈரடிப்பு த்ரீவீலர்களின் இறக்குமதியை இலங்கை 2008இல் நிறுத்தியது. எஞ்சியிருக்கும் பழைய வண்டி ஒன்றின் சைலன்சரை வெட்டுபவர் காசு கொடுத்து வலுவைக் குறைத்துக்கொள்கிறார்.

அப்படியிருந்தும் வண்டி 'பாய்கிறது' என்று ஓட்டுபவர் உறுதியாகச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. மனிதர் வேகத்தைக் கண்ணால் மட்டும் மட்டிடுவதில்லை, காதாலும் மட்டிடுகிறார். எஞ்சின் சத்தம் குறைவாகக் கேட்டால் போகும் வேகத்தைக் குறைவாக எண்ணுவதும், கூடக் கேட்டால் கூடுதலாக எண்ணுவதும் மனிதக் காதின் இயல்பு.

ஊவா மாகாணத்தின் உயரமும் இந்த விடயத்தில் தன் பங்கைச் செலுத்துகிறது. பதுளை நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர், அப்புத்தளை 1,430 மீற்றர். அப்புத்தளையில் வளியமுக்கம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட அதே அளவு வலுவை அங்கே இழந்துவிடும். இழந்ததை ஈடுகட்ட ஓட்டுநர் கியரைக் குறைத்துச் சுற்றுவேகத்தைக் கூட்டுகிறார். கொழும்பில் மூன்றாம் கியரில் மெல்ல உறுமும் அதே கார் அப்புத்தளை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் அலறுகிறது.

இறக்கத்தில் வேறொரு சத்தம். பெரகலை நோக்கிப் பாதை சரியும்போது ஓட்டுநர் எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்துக்கொள்வார். கார்பரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் அப்போது சிலிண்டருக்குள் சரியாக எரியாத கலவை குழாய்க்குள் வந்து சேரும். வெட்டி ஒட்டிய மூட்டு இறுக்கமில்லாவிட்டால், ஐதாக்கல் நேரத்தில் அந்த இடைவெளியால் வெளி வளி உள்ளே உறிஞ்சப்படும். சூடான குழாய், எரியாத பெற்றோல், புதிய வளி மூன்றும் சந்தித்தால் பட்டாசுதான். 'டப் டப்' என்று கேட்கும் அந்த வெடிப்பை இளைஞர்கள் ரசிக்கிறார்கள். எஞ்சினில் எரிந்து வண்டியை நகர்த்த வேண்டிய பெற்றோல் குழாய்க்குள் எரிந்து வீணாகும் சத்தம் அது. சிலர் நவீன கார்களின் கணினியை மாற்றி எழுதுவித்தே இதை வரவழைக்கிறார்கள். ஊக்கிப் பெட்டி இருந்தால் அதன் தேன்கூடு அந்த வெப்பத்தில் உருகத் தொடங்கும்.

சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விதான் தேயிலைத் தோட்டங்களுக்கு முக்கியமானது. திறந்த வெளியில் ஒரு புள்ளியிலிருந்து பரவும் ஒலி, தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபெல் குறையும். சாலையோரத்தில் 7.5 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு ஒழுங்கான கார் ஒன்று 70 டெசிபெல்லிலும் சைலன்சர் வெட்டிய கார் 95 டெசிபெல்லிலும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய கார் 120 மீற்றருக்கு அப்பால் நிற்பவருக்கு 71 டெசிபெல்லில் கேட்கும். அதாவது மூன்று லயம் தாண்டி வீட்டுக்குள் இருப்பவருக்கு அது வாசலில் போகும் கார் போல. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரவில் வீதிப் போக்குவரத்துச் சத்தம் சராசரியாக 45 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒழுங்கான காரின் சத்தம் 133 மீற்றரில் அந்த அளவுக்கு இறங்கிவிடும். வெட்டிய காரின் சத்தம் இறங்குவதற்கு 2.3 கிலோமீற்றருக்கு மேல் வேண்டும்.

சமவெளியில் இந்தக் கணக்கு முழுதாகப் பலிக்காது. இடையில் மரம், மதில், வீடு, மண் எல்லாம் சேர்ந்து ஒலியைத் தின்றுவிடும். மலைநாட்டில் நிலைமை வேறு. பாதை ஒரு சரிவில், லயம் எதிர்ச் சரிவில், நடுவில் பள்ளத்தாக்கு. தேயிலைச் செடி இடுப்புயரத்துக்கு மேல் வளர விடப்படுவதில்லை. ஆக, குழாய் வாய்க்கும் காதுக்கும் இடையில் வெறும் வளி மட்டுமே. பசறையிலிருந்து லுணுகலைப் பக்கம் போகும் வண்டியின் விளக்கு வளைவுக்கு வளைவு மறைந்து தோன்றுவதை எதிர்மலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். விளக்குத் தெரியும் இடமெல்லாம் சத்தமும் நேரே வந்து சேரும். பாறைச் சுவர் 340 மீற்றர் தள்ளி இருந்தால் இரண்டு செக்கன் கழித்து எதிரொலியும் வரும்.

இரவு இன்னும் மோசம். பதுளை நாற்புறமும் மலை சூழ்ந்த கிண்ணம். தென்கிழக்கே நமுனுகுலை மலை 2,000 மீற்றரைத் தாண்டி நிற்கிறது. மேகமில்லாத இரவில் சரிவுகளில் தரையை ஒட்டிய வளி குளிர்ந்து, கனமாகி, நீரைப் போல வழிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும். மேலே இருக்கும் வளி அதைவிடச் சூடாக இருக்கும். சூடான வளியில் ஒலி வேகமாக ஓடுவதால் மேல் நோக்கிப் போகும் அலை முறிவடைந்து மறுபடி தரைக்கே வளைகிறது. பகலில் இதற்கு நேர்மாறு: தரையருகே சூடு, மேலே குளிர்ச்சி, ஒலி வானுக்கு வளைந்து தொலைந்துபோகும். மழை விட்ட மார்கழி விடியலில் அடுத்த டிவிஷன் கோயிலின் திருவெம்பாவை பக்கத்து வாசலில் பாடுவது போலக் கேட்பது இதனால்தான். நடுச்சாமத்தில் வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றிப் போகும் லொறியின் வெட்டிய சைலன்சரும் அதே வழியில்தான் வருகிறது. ஜூன் தொடங்கி வீசும் கச்சான் காற்றும் அப்படியே. காற்று போகும் திசையில் இருப்பவருக்குச் சத்தம் தரையோடு வளைந்து வந்து சேரும், எதிர்த்திசையில் இருப்பவருக்கு மேலே வளைந்து மறைந்துபோகும்.

வந்து சேரும் வீடு எப்படிப்பட்டது? பழைய லயக் காம்பரா ஒன்று 10 அடிக்கு 12 அடி. வரிசையாக இருக்கும் அத்தனை குடும்பங்களுக்கும் மேலே ஒரே தகரக் கூரை. ஒரு தடுப்பு எவ்வளவு பாரமோ அவ்வளவுக்கு ஒலியை நிறுத்தும். மெல்லிய தகரம் தாழ்ந்த மீடிறன்களை ஏறக்குறைய அப்படியே உள்ளே விடும், சில வேளைகளில் கூடவே தானும் அதிரும். அதிகாலையில் எழுந்து, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போக வேண்டிய பெண்ணின் தூக்கம் அந்தக் கூரைக்குக் கீழேதான். விழித்துக்கொள்ளாவிட்டாலும் உடல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தூக்கத்திலேயே இதயத் துடிப்பு கூடும், ஆழ்ந்த உறக்கம் மேலோட்டமாகிவிடும். கொழுந்துக் கூடையைச் சுமந்து நாள் முழுக்கச் சரிவில் நிற்பவருக்குக் கிடைக்கும் சொற்ப ஓய்வில் கைவைப்பது சின்ன விடயமல்ல.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் நகரத்துக்கும் கிராமப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தே எழுதப்பட்டவை. மாநகர, நகர சபைப் பகுதிகளில் பகலில் 63, இரவில் 50 டெசிபெல் என்றும், பிரதேச சபைப் பகுதிகளில் 55, 45 என்றும் அவை எல்லை வகுத்தன. தோட்டங்கள் இரண்டாவது வகைக்குள் வருபவை. இந்த அளவுகள் தொழிற்சாலை போன்று ஓரிடத்தில் நின்று நடக்கும் வேலைகளுக்கானவை. ஓடும் வாகனம் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது.

ஓட்டுபவரின் காதும் தப்புவதில்லை. தொழில்சார் சுகாதாரத்தில் 85 டெசிபெல்லில் 8 மணித்தியாலம் எல்லையாக வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88இல் 4 மணித்தியாலம், 94இல் ஒரே மணித்தியாலம். கதவில்லாத த்ரீவீலரில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர் இந்தக் கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். உட்செவியின் மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. கண்ணாடி மூடிய காரில் இருப்பவருக்கு வரும் தொல்லை வேறு விதம். நான்கு சிலிண்டர் எஞ்சின் 2,500 சுற்றில் ஓடும்போது பிறக்கும் 83 ஹேர்ட்ஸ் உறுமல் காரின் உட்பகுதியோடு பரிவுற்று ஓயாமல் ரீங்கரிக்கும். ஒரு கிழமை இனிமையாக இருக்கும் அந்த ரீங்காரம் கொழும்புவரை ஒரு பயணம் போய் வந்ததும் தலைவலியாகிறது. அதை அடக்க ஒரு பக்கக் குழாய் பொருத்துவதானால் அது 1.5 மீற்றர் நீளம் வேண்டும். கம்பனி பொருத்தியிருந்த சைலன்சரின் ஒற்றைக் கழுத்து அறை அதே வேலையை ஒரு சாண் இடத்தில் செய்துகொண்டிருந்தது.

சத்தம் இருந்தால் வளைவில் எதிரே வருபவர் கேட்டு ஒதுங்குவார் என்ற வாதமும் உண்டு. எல்ல, வெல்லவாய பக்கத்துக் கொண்டையூசி வளைவுகளில் இது உயிர் போகும் விடயம் என்பதால் அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது. மிகுதியான சத்தம் கடந்து வந்த பாதைக்குத்தான் போகும். மலையில் தெறித்துத் தெறித்து வரும் தாழ்ந்த உறுமல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது தடுமாறும். வளைவுக்கு முன் ஒரு முறை ஹோர்ன் அடிக்கும் மலைநாட்டுச் சாரதிகளின் பழைய பழக்கம் இதைவிட எவ்வளவோ மேல். ஹோர்ன் முன்னோக்கியது, குறுகியது, தேவையான நேரத்தில் மட்டும் ஒலிப்பது.

ஊவாவில் சத்தமிடும் வாகனங்கள் எல்லாம் வேண்டுமென்றே வெட்டப்பட்டவையும் அல்ல. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது. குளிர்ந்த காலையில் குழாய் வாயில் சொட்டுச் சொட்டாக வடிவது அதுதான். நீண்ட பயணத்தில் சைலன்சர் நன்றாகச் சூடேறி அந்த நீரை ஆவியாக்கி வெளியே தள்ளிவிடும். லயத்திலிருந்து பாடசாலைக்கு, பாடசாலையிலிருந்து டவுனுக்கு என்று குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் நீர் பெட்டிக்குள்ளேயே தேங்கி, எரிவாயுக்களோடு சேர்ந்து அமிலமாகி, உள்ளிருந்தே துருவை வளர்க்கும். வெளியே வர்ணம் பளிச்சென்று இருக்க உள்ளே தடுப்புகள் உதிர்ந்திருக்கும். குலுக்கினால் பொரி போலக் கலகலக்கும். போதாக்குறைக்குத் தோட்டப் பாதையின் கல்லும் பள்ளமும் அடியில் இடிக்கும். பல குடும்பங்களுக்குப் புதுச் சைலன்சர் ஒரு மாதக் கூலியைத் தின்னும் செலவு. தகரத் துண்டு ஒன்றை வைத்து வெல்டிங் பண்ணிக்கொண்டு ஓடுவது வேறு வழியில்லாததால்தான். இவர்களையும் ரசனைக்காக வெட்டியவர்களையும் ஒரே கூடையில் போடுவது நியாயமில்லை.

ஆனால் ஓட்டை விழுந்த சைலன்சரில் சத்தத்தைவிடப் பயங்கரமான ஒன்று இருக்கிறது. எஞ்சினுக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் எங்கே ஒழுகினாலும் காபனோரொட்சைட்டு வாகனத்தின் அடியில் பரவி, தரையின் ஓட்டைகளால் உள்ளே ஏறும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஈமோகுளோபின் ஒக்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். மழைக்குக் கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டு, பிள்ளைகளை நிரப்பிக்கொண்டு போகும் பாடசாலை வேனில் முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். களைத்துத் தூங்குகிறார்கள் என்று நினைத்துவிட்டால் அவ்வளவுதான். குழாயை நடுவில் வெட்டி, வாயை வாகனத்தின் அடியிலேயே விட்டுவிடும் வேலைக்கும் இதே ஆபத்து உண்டு.

நேர்க் குழாய்க்கு உரிய இடம் ஒன்று இதே மாவட்டத்தில் இருக்கிறது. தியத்தலாவையில் இராணுவத்தினரின் இடத்தில் 1993 முதல் ஃபொக்ஸ் ஹில் சூப்பர்குரொஸ் பந்தயம் நடந்துவந்திருக்கிறது. அடுத்த மாவட்டமான நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934 வரை பின்னோக்கிப் போகிறது. பந்தயக் காரின் குழாய் அந்த எஞ்சினுக்கென்று அளந்து செய்தது, சில நிமிடங்கள் மட்டும் உச்சத்தில் ஓடுவது. பந்தயத் திடலில்கூட ஆபத்து விலகி நிற்பதில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஃபொக்ஸ் ஹில்லில் கார் ஒன்று ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். சித்திரைப் பருவத்தில் அங்கே கேட்ட குரலை வீட்டுக் காருக்கும் வாங்கிக் கொடுக்க ஆசைப்படுவது புரிந்துகொள்ளக்கூடியது. அந்தக் குரலை உண்டாக்கும் கணக்கு மட்டும் கூட வருவதில்லை.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2025 ஜனவரியில் இலங்கை அரசின் 'க்ளீன் ஸ்ரீ லங்கா' திட்டத்தோடு பொலிஸார் தொடங்கிய வாகனச் சோதனைகளில் மேலதிக விளக்கு, அலங்காரப் பொருள்களோடு சத்தமிடும் சைலன்சர்களும் அகப்பட்டன. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஒவ்வொரு வாகனத்துக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் இயற்றிய விதி புதிய கார்களின் சத்தத்தை 72, 70, 68 டெசிபெல் என்று படிப்படியாக இறக்குகிறது. பிரான்சில் ஒலிவாங்கிகளால் சத்தத்தின் திசையை அறிந்து வாகனத்தைப் படம்பிடிக்கும் கருவிகள் வீதிகளில் பரிசோதிக்கப்பட்டன.

நிற்கும் வாகனத்தின் சத்தத்தை அளக்கப் பல நாடுகளில் பயன்படும் முறை ஒன்று உள்ளது. குழாய் வாயிலிருந்து அரை மீற்றர் தள்ளி, வாயின் அச்சுக்கு 45 பாகை சாய்வாக ஒலிவாங்கியை வைத்து, எஞ்சினைக் குறிப்பிட்ட சுற்றுவேகத்தில் ஓடவிட்டு அளவெடுக்க வேண்டும். கைத்தொலைபேசிச் செயலி பொலிஸாரின் மீற்றருக்கு ஈடாகாது. ஆயினும் புதுச் சைலன்சர் போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே தொலைபேசியால் அளந்தால் வித்தியாசம் தெரியும்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கக் கராஜ் பாஸ்மாருக்கு மீற்றரும் வேண்டாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்த வெளியில் ஸ்டார்ட் பண்ணி, தடித்த ஈரத்துணியை மடித்துக் குழாய் வாயில் ஒரு கணம் அழுத்திப் பிடிப்பார்கள். அமைப்பு முழுதாக இருந்தால் கையைத் தள்ளிக்கொண்டு அமுக்கம் ஏறும், எஞ்சின் திணறும். எங்காவது ஓட்டை இருந்தால் துணி தள்ளாது. வண்டியின் அடியில் அந்த இடத்திலிருந்து 'உஸ்' என்று கேட்கும், அங்கே கரிக்கோடு படிந்திருப்பதும் தெரியும். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டு எஞ்சினை நிறுத்துவார்கள்.